வண்டிக்கு அடியில் ஒரு ‘ம்’

“இன்னும் கொஞ்சம் திருப்புண்ணா.”

“ம்.”

“ஏறுது, ஏறுது. பாதி ஏறிடுச்சி. போதும், நிறுத்து.”

“ம்.”

“இன்னா இன்னிக்கு வெறும் ‘ம்’மு? நேத்து அனந்தபுரத்துலருந்து டிராக்டர்ல கட்டி இழுத்தாந்தாங்களே, அங்கயே வாய வுட்டுட்டு வந்துட்டியா?”

வண்டிக்கு அடியிலிருந்து பதில் வரவில்லை. மணிமொழி தனக்குள் சிரித்துக்கொண்டு, திறந்து கிடந்த பானெட்டுக்குள் இன்னும் ஆழமாகக் குனிந்தாள். அண்ணன் எழிலனால் பேசாமல் ஒரு திருகாணியைக்கூட முடுக்க முடியாது. இரண்டே பேர் உட்காரக்கூடிய இந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பாண்டிச்சேரியில் வாங்கி வந்த நாளிலிருந்து, அதன் பெருமையைக் கேட்காத ஆள் தெருவில் இல்லை. நேற்று இன்ஜின் பெல்ட் அறுந்து, திறந்த வண்டியில் அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, டிராக்டர் கடைத்தெரு வழியாக இழுத்து வந்ததைப் பார்த்தவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். அந்தக் கோபமாக இருக்கும் என்று நினைத்தாள்.

இந்த வண்டிக்கான பெல்ட் செஞ்சியில் எங்கே கிடைக்கும்? பம்ப்செட் கடையில் கிடைத்தது ஒரு விரல் அளவு சின்னது. இறுக்கமான வளையலைக் கைக்குள் தள்ளுவதுபோல அதைத் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். ஒருவர் கீழே படுத்து இன்ஜினின் அடிச்சக்கரத்தை ஸ்பேனரால் மெல்லத் திருப்ப, இன்னொருவர் மேலிருந்து பெல்ட்டை விரலால் தள்ளி மேல்சக்கரத்தின் விளிம்பில் ஏற்ற வேண்டும். காலையில் இரண்டு தடவை நழுவிவிட்டது. நடுவில் அவள் வீட்டுக்குள் போய் டீ போட்டு, இரண்டு டம்ளர்களோடு கார் ஷெட்டுக்குத் திரும்பி வந்து, வழக்கம்போல உள்ளிருந்து ஷட்டரை இறக்கி இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் போட்டாள். கோட்டைக் குரங்குகள் வரும் தெரு. போன மாதம் ஒரு டப்பா நட்டு முழுவதையும் தூக்கிக்கொண்டு போய் மாடியில் இறைத்தன. “டீ ஆறுது, சீக்கிரம் முடிக்கலாமா?” என்று கேட்டபோது, அடியிலிருந்து அந்த “ம்” வந்திருந்தது.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. வெளியே நடுப்பகல் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே வெளிச்சம் என்று சொல்ல மட்கார்டின் மேல் வைத்த செல்போன் டார்ச்சும், ஷட்டரின் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தரையோடு ஊர்ந்து வந்த வெயில் கோடும்தான் இருந்தன. கிரீஸும் பழைய ரப்பரும் கலந்த நெடியை அவள் எதிர்பார்த்திருந்தாள். ஆனால் கீழிருந்து வேறொன்று எழுந்து வந்தது. மலைச்சுனையில் வெகுநாள் தேங்கிய நீரின் வாசனை, பாசியும் குளிர்ந்த கல்லுமாக, வேர்த்திருந்த அவள் கழுத்தை மெல்லத் தொட்டது.

அப்புறம் அந்தச் சத்தம். காலையில் ஒவ்வொரு திருப்புக்கும் ஸ்பேனர் நட்டில் ‘டக்’ என்று கடித்தது. இப்போது அந்த ‘டக்’ இல்லை. இரும்பு இரும்பைத் தொடும் ஓசையே இல்லாமல், யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல இன்ஜின் திரும்பிக்கொண்டிருந்தது.

“இன்னும் ஒரு விரக்கடதான். மெதுவா.”

“ம்.”

மெதுவாக இல்லை. பெல்ட் சரேலென்று சக்கரப் பள்ளத்துக்குள் வழுக்கி உட்கார்ந்தது. அதோடு அவளுடைய வலது கையின் இரண்டு விரல்களும் உள்ளே மாட்டிக்கொண்டன.

முதலில் வலி தெரியவில்லை. அழுத்தம் மட்டும். பிறகு வலி வந்தது.

“ஐயோ! அண்ணா! பின்னாடி திருப்பு, பின்னாடி!”

“ம்.”

சக்கரம் முன்னால்தான் நகர்ந்தது. விரல்கள் இரண்டாம் கணு வரை உள்ளே போயின.

அப்போது ஷட்டரை யாரோ தட்டினார்கள்.

“மணி! ஏய், எதுக்குடி உள்ள தாப்பா போட்ட?”

எழிலனின் குரல். வெளியிலிருந்து.

“நீ டீ போடப் போனப்பவே விநாயகம் பட்டறைக்குப் போயிட்டேன். அந்த ஸ்பேனர் வழுக்குதுன்னு குடுத்துட்டு, பெரிய ஸ்பேனரா வாங்கியாந்தேன். நான் இல்லாம உள்ள இன்னா பண்ற? தொறடி, வெயில் சுடுது.”

வெயில் கோட்டில் அவனுடைய செருப்புகளின் நிழல் இரண்டு துண்டாக விழுந்திருந்தது. மணிமொழி அந்த நிழலையே பார்த்தாள். வண்டிக்கு அடியில் ஸ்பேனர் இல்லை. கீழே இருப்பது எதைக்கொண்டு திருப்புகிறது?

“அண்ணா…” என்றாள்.

“ம்” என்றது அடியிலிருந்து. சக்கரம் ஒரு நூல் நகர்ந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் அது திருப்பும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். மருத்துவப் பரிசோதனை நிலையத்தில் ஒரு நாளைக்கு அறுபது கைகளில் ரப்பர் பட்டை கட்டி ரத்தம் எடுப்பவள். பட்டைக்குக் கீழே கை எப்படி நிறம் மாறும் என்று தெரியும். அவிழ்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். இந்த விரல்கள் போனால் அந்த வேலை இல்லை. தோளிலிருந்து இழுத்துப் பார்த்தாள். தோல் உரிந்ததே தவிர விரல் வரவில்லை. தாழ்ப்பாள்கள் பத்தடி தூரத்தில்.

“மணி? இன்னா ஆச்சு? கத்தினியே! யாரு உள்ள?”

அவள் மூக்கால் மட்டும் மூச்சு விட்டாள்.

“அடியே, எதுனா சொல்லித் தொலையேன்! பயமா இருக்குதுடி!” ஷட்டர் அதிர்ந்தது. மேலே தகரக் கூரையில் ஓடிக்கொண்டிருந்த குரங்குகள் சட்டென்று நின்றன. “இரு, கடப்பாறை எடுத்தாறேன். மயக்கம் கியக்கம் போட்றாத. பேசினே இரு, கேக்குதா? பேசினே இரு!”

செருப்பு நிழல்கள் அகன்றன. வெயில் கோடு முழுசாகிவிட்டது.



காலடிகள் தெருமுனையில் கரைந்தன. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குள் அவளுடைய மூச்சு சூடாக இருந்தது. கீழே இன்னொரு மூச்சு. அவள் இழுத்தால் அதுவும் இழுத்தது. அவள் நிறுத்தினால் அதுவும்.

பேசவில்லை.

பேசவில்லை.

ஆனாலும் சக்கரம் நகர்ந்தது. ஒரு மயிரிழை. மறுபடி ஒரு மயிரிழை. அவளை மீறி வந்த முனகலும் அதற்குப் போதும்போல.

சுனை வாசனை முகத்துக்கு நேரே வந்தது. டார்ச் வெளிச்சத்தில், ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில், ஒரு புத்தகம் நுழையாத அந்த இடைவெளியில், ஏதோ மேலே ஏறி வந்தது.

ஒரு கை.

கிரீஸ் இல்லை. அழுக்கு இல்லை. ஈரமாக, வெளுத்து, ஊறிப்போன ரேகைகளோடு. மாட்டிக்கொண்ட அவள் விரல்களை மெல்லத் தடவிப் பார்த்தது. ஒவ்வொன்றாக. எண்ணுவதுபோல. பிறகு விலகி, மல்லாந்து, அவளுக்கு முன்னால் விரிந்து நின்றது.

முதல் முறையாக அது பேசியது. கனிவாக, பொறுமையாக.

“அந்தக் கையையும் குடும்மா.”