பின்கதவு வரிசை

பிள்ளைகள் எல்லாரும் மேசைக்குத் திரும்பி வந்த பிறகும், உள்ளே புத்தக இறாக்கைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எனக்குக் கிடைக்கேல்ல, மிஸ்."

சிவமணி நிமிர்ந்து பார்த்தாள். முதலாம் வருடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்கள். ஒருவரும் அந்தக் குரலுக்குத் திரும்பவில்லை. ரயில் போகும்போது இந்தப் பழைய கட்டடம் என்னென்னவோ சத்தமெல்லாம் போடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் ரயில் ஏதும் போகவில்லை.

வெள்ளவத்தைக் கடலோரத்தில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது பல்கலைக்கழகத்தின் அந்தக் கிளை நூலகம். பின்கதவைத் திறந்தால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். புதிதாக வருகிற பிள்ளைகள் வாசலிலேயே மிரண்டு நிற்பார்கள். எதை எங்கே தேடுவது, கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம். அதைப் போக்கத்தான் இந்த விளையாட்டு. சிவமணி ஒரு புத்தகத்தின் இலக்கத்தைச் சொல்லி அனுப்புவாள், அதைக் கண்டெடுத்தவர் "கிடைச்சிட்டுது மிஸ்!" என்று உரக்கக் கத்த வேண்டும். நூலகத்துக்குள் கத்தச் சொல்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று பொறுப்பாளர் தில்லைநாதன் பகிடி பண்ணுவார். ஏன் கத்தச் சொல்கிறாள் என்று அவருக்கும் தெரியும். அது நடந்தபோது அவரும் பக்கத்தில்தான் நின்றார்.

ஆரூரன் அவளுடைய ஒரே மகன். இதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, முதல் நாளே தோளில் பையோடு ஓடி வந்து, "அம்மா, இந்தப் புத்தகம் எங்க இருக்கு?" என்று கேட்டான். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு.

"இங்க அம்மா இல்லை. மிஸ் எண்டு சொல்லும். வெளியில போய் வரிசையில நில்லும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் பின்கதவால் வெளியேறினான். தண்டவாளத்தோரம் நடந்து போகிறவர்கள் எத்தனையோ பேர். அன்று பெருமழை, ரயில் வந்தது அவனுக்குக் கேட்டிருக்காது என்றது பொலிஸ். சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பாவி மனம் அன்றிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறது. ஒரு தரம் அவன் உள்ளே வர வேண்டும், அம்மா என்று கூப்பிட வேண்டும்.

"கிடைக்கேல்ல, மிஸ்."

பிள்ளைகளை நிற்கச் சொல்லிவிட்டு அவள் உள்ளே நடந்தாள். பிற்பகல்தான், ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்து கரண்டும் போயிருந்தது. பழைய தாளின் மணமும் பூச்சி உருண்டையின் மணமும் வழக்கம்போல மூக்கில் ஏற, பின்கதவோரம் இருந்த கடைசி இறாக்கையை நெருங்க நெருங்க அவற்றுக்கு அடியிலிருந்து வேறொரு மணம், நனைந்த இரும்பும் எண்ணெயும் உப்பும் கலந்த மணம், மெல்ல மெல்ல எழுந்து வந்தது.

"ஆரூரன்?"

"ஓம், மிஸ்."

அவள் இறாக்கையைப் பற்றிக்கொண்டாள். "அம்மா எண்டு கூப்பிடு, ராசா."

"இங்க அம்மா இல்லைத்தானே, மிஸ். நான் வெளியில நிக்கிறன்."

குரல் இப்போது பின்கதவுக்கு வெளியே இருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு மாணவி, ரபீக்கா, தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மிஸ், வெளிய ஒருத்தர் நனைஞ்சுகிட்டு நிக்கிறாரு. பாவம். கதவைத் திறக்கவா?"

கதவின் கண்ணாடி வழியே சிவமணி பார்த்தாள். தோளில் பை. அதே நீலச் சட்டை. முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் யாருமே இல்லாத ஒரு வரிசையில் ஒழுங்காக நின்றான். அவள் அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. மழை உள்ளே அடித்தது.

அவன் திரும்பினான்.

முகம்.

முகம் இல்லை. இருந்த இடம் மட்டும்.

ஒரு கை நீண்டது. ரயில் ஊதியது. கதவு அறைந்து மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. அதைப் போட்டது தன் கைதான் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஏன் மிஸ் பூட்டினீங்க?" ரபீக்காவின் குரல் உடைந்திருந்தது. "அவர் உங்களப் பாத்து அம்மான்னுதானே கூப்பிட்டாரு."

சிவமணி தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. கண்ணாடிக்கு அப்பால் அவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். பின்னுக்கு நகர்ந்தான். தண்டவாளத்தின் நடுவில் போய், பையைச் சரிசெய்து, மறுபடியும் வரிசையில் நின்றான். இந்தத் தடவை அவளைப் பார்த்தபடி. ரயிலின் வெளிச்சம் அவன் ஈரச் சட்டையில் ஏறிக்கொண்டே வந்தது.