மடங்காத இருக்கை

விமானத்தின் பின்கதவருகே இருந்த பணியாளர் இருக்கையில் யாரும் இல்லை. ஆனாலும் அது மடங்காமல் விரிந்தே கிடந்தது. ஆள் எழுந்ததும் படக்கென்று சுவரோடு ஒட்டிக்கொள்ளும் வகை அது. இத்தனை வருஷம் பணிப்பெண்ணாக வானத்திலேயே குப்பை கொட்டிய பெரியக்காவின் கண்ணை அது உறுத்தியது.

உறுத்த வேறு காரணமும் இருந்தது. கம்பெனியில் விமானம் போதாமல், நெடுந்தூரப் பயணத்துக்கு வெளியாரிடம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். விமானி, பணிப்பெண்கள் எல்லாரும் அதோடேயே வந்துவிட்டார்கள். நம் ஆள் ஒருத்தியாவது இருக்கட்டும் என்று பெரியக்காவை மட்டும் ஏற்றிவிட்டிருந்தார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

அந்தப் பெண்களின் தலைவிக்குப் பெரியக்கா மனசுக்குள் வைத்த பெயர் வாடகைக்காரி. பயணிகள் அவளிடம் குழைவதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

“அந்த சீட் ரிப்பேரா?”

“இல்லையே. அதுல எங்காளு இருக்காங்க,” என்றாள் வாடகைக்காரி. “நீங்க பயணிகளோட உக்காந்துக்கங்க.”

கதவோரமே தன் இடம் என்று இருந்தவளைப் பயணியாக்கிவிட்டாளே! பெரியக்காவுக்குப் பொறுக்கவில்லை.

வெளியே நல்ல வெயில். ஜன்னல்களை மூடியதில் உள்ளே இருட்டு. எல்லாரும் உறங்க, எஞ்சின் இரைச்சலுக்கு அடியில் பின்பக்கமிருந்து துணி உரசும் சத்தமும் ஈரத் தலைமுடி வாடையும் வந்துகொண்டே இருந்தன. வண்டி தள்ளிய பெண்கள் அந்த இருக்கையைத் தாண்டும்போது யாருடைய முழங்காலிலோ இடித்துவிடாமல் ஒதுங்கிப் போனார்கள்.

தரையிறங்கப்போகும் அறிவிப்பு வந்தது. ‘பார்த்துவிடலாம் ஒரு கை’ என்று பெரியக்கா போய் அதில் உட்கார்ந்தாள்.

சூடாக இருந்தது.

இருக்கைப் பட்டையை மாட்டினாள். ஒரு ‘க்ளிக்’. பின்னாலேயே இன்னொன்று. அது அவள் மாட்டியதில்லை. மடியிலிருந்து ஏதோ பாரம் எழுந்து போனது.

சக்கரம் தரை தொட்டது. பட்டை திறக்கவில்லை. கத்தினாள். குரல் வரவில்லை.

பின்கதவு திறந்தது. வாசலில் ஒருத்தி நின்றாள். பெரியக்காவின் சீருடை. பெரியக்காவின் கொண்டை.

“பாத்து இறங்குங்க.” குரலும் அதே.

“போயிட்டு வரோம் பெரியக்கா,” என்று ஒரு பயணி வாசலில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டார். இதுவரை தன் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. அந்த நிலையிலும் பெரியக்காவுக்குப் பொறாமையாக இருந்தது.

வாடகைக்காரி குனிந்து பட்டையை இன்னும் ஒரு பிடி இறுக்கினாள்.

வாசலில் நின்றவளின் தோளில் பெரியக்காவின் கைப்பை. அதற்குள் போனில் மகளின் அழைப்பு. அவளே எடுத்தாள்.

“வந்துட்டேன்டி தங்கம். இனிமே எங்கயும் போகமாட்டேன்.”

போனுக்குள் மகள் சந்தோஷத்தில் கத்துவது, இருக்கை வரைக்கும் கேட்டது.