விபத்தில்லாத நான்காயிரம் நாட்கள்

ரொட்டியின் மேல் என் வலது கையை வைத்துச் சொல்கிறேன், கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்த அதே கையை: கீழே உள்ளதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் சத்தியம் கிடையாது. சந்தையில் குதிரை விற்பவன்கூட ரொட்டியைத் தொட்டுவிட்டால் குதிரையின் வயதைச் சரியாகச் சொல்லிவிடுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், நிலக்கரி வாளியோடு கொட்டகையிலிருந்து திரும்பிய தொலேகன், தன் வீட்டு வாசல் நடையில் ஒரு ஜோடி பூட்ஸ் அதிகமாக இருப்பதைப் பார்த்தார். தார்ப்பாய்த் துணியில் தைத்த தொழிற்சாலை பூட்ஸ். முனைகள் வீட்டைப் பார்த்திருந்தன. தையல் இடுக்குகளில் எனாமல் பொடி வெள்ளையாக அடைந்து, அடிப்புறத்துப் பனி இப்போதுதான் உருகத் தொடங்கிச் சின்னக் குட்டையாகத் தேங்கிக்கொண்டிருந்தது. அவர் கதவைத் திறந்து வெளியே பார்த்தார். முழங்கால் உயரப் பனி, கண்ணைக் கூச வைக்கும் வெயில், கொட்டகைக்குப் போய் வந்த அவருடைய காலடித் தடம். வேறு தடம் இல்லை.

"யாருப்பா அது?"

உள்ளே அடுப்பு மட்டும் படபடவென்று எரிந்தது. மனைவி ரவ்ஷான் வெள்ளிக்கிழமையே அக்கா வீட்டுக்குப் பேருந்தில் போய்விட்டாள், இரண்டு மணி நேரத் தொலைவு. பழைய பூட்ஸாக இருக்கும், எப்போதோ நானே கொண்டுவந்ததாக இருக்கும் என்று தொலேகன் தனக்குச் சொல்லிக்கொண்டார். தனக்கே ஒன்றைச் சொல்லி நம்பவைப்பதில் அவருக்கு நீண்ட பயிற்சி உண்டு. சம்பளமே அதற்குத்தான்.

அவர் எங்கள் ஊர் வாளித் தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலர். வாளி, பேசின், குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டி எல்லாம் அங்கே தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கிறார்கள். வாசலில் ஒரு பலகை: 'விபத்தில்லாத நாட்கள்'. அன்றைக்கு அதில் 3,999. மறுநாள் திங்கட்கிழமை நான்காயிரம். தலைநகரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், குதிரை ஒன்றை அறுத்தாயிற்று, தொலேகனுக்கு மேடையில் சால்வையும் சான்றிதழும்.

நான்காயிரம் நாள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாம் ஆயிற்று. ஆனால் வீட்டில் ஆயிற்று. வேலையிடத்தில் விபத்து என்று எழுதினால் விசாரணைக் குழு வரும், மெஷின் நிற்கும், பலகை பூஜ்ஜியத்துக்குப் போகும். வீட்டில் விபத்து என்று எழுதினால் ஒரு கிலோ ஆப்பிளோடு முடிந்தது. ஆகவே யாராவது அடிபட்டால் தொலேகன் ஆப்பிள் பையோடு மருத்துவமனைக்குப் போவார், கட்டிலோரம் உட்காருவார், நலம் விசாரிப்பார், பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல என்னப்பா இருக்கு? நிலவறை இருக்கா? மாடிப்படி? சமோவார்?" என்று கேட்பார். எலும்பு முறிந்தவன் நிலவறைப் படியில் வழுக்கினான். உலையில் வெந்தவன் தேநீர் கொதிக்கும் சமோவாரைக் கவிழ்த்துக்கொண்டான். வீட்டில் ஒன்றுமே இல்லாதவனுக்குத் தொலேகன் பெருந்தன்மையோடு தன் வீட்டையே கொடுத்தார்: விருந்துக்கு வந்தான், விறகு வெட்டித் தருகிறேன் என்றான், கோடாரி தவறியது. பதினான்கு பேர் இப்படி. பதிவேட்டைப் படித்தால் மாவட்டத்திலேயே பெரிய விருந்தோம்பி தொலேகன்தான். என்ன, வந்தவர்களைக் கொஞ்சம் குறைத்துத் திருப்பி அனுப்புகிறார். பதினான்கு பேரும் வலது கைக்காரர்கள், போனதும் பதினான்கு வலது கை. கோடாரி பிடித்த கை எப்படி வெட்டுப்பட்டது என்று ஓர் ஆய்வாளரும் கேட்கவில்லை.

கேட்டது சாவ்லே ஒருத்திதான். வெள்ளிக்கிழமை அவளுடைய கணவன் எராசில், இருபத்து நான்கு வயது, மூன்றாம் எண் பிரஸ்ஸில் மணிக்கட்டோடு கையைக் கொடுத்தான். தடுப்பு வலையைக் கழற்றச் சொன்னது மேலாளர் ஒராஸ்பெக். வலை இருந்தால் ஒரு நாளைக்கு நூறு வாளி குறைகிறதாம். குழாய்த் தண்ணீரில் பிரஸ்ஸைக் கழுவி இருபதாவது நிமிடம் மறுபடி ஓட்டினார்கள். அந்த மணி நேரத்து வாளிகளும் விற்பனைக்குப் போயின. மயக்கம் தெளியாத எராசிலின் இடது கட்டைவிரலை மையில் ஒற்றி, தொலேகன் படிவத்தை முடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை அவள் அவரை மருத்துவமனை வாசலில் நிறுத்தினாள். மரியாதைக்கு எல்லோரும் அவரைத் தொலேகே என்றுதான் அழைப்பார்கள்.

"எங்க வீட்ல கோடாரியே இல்ல, தொலேகே. அஞ்சாவது மாடி. கேஸ் அடுப்பு."

"தெரியும்மா. அதனாலதான் என் வீட்டுக் கோடாரிய எழுதியிருக்கேன். நம்மால முடிஞ்ச உதவி."

"அவரு வலது கைக்காரரு. கோடாரிய எந்தக் கையில புடிச்சாரு?"

"இடது கையில."

"எதுக்கு?"

"அதான் தவறிடுச்சு."

"வீட்ல நடந்துச்சுன்னா கம்பெனி ஒரு காசு தராது. கையில்லாதவருக்கு வேலையும் தராது. தெரியும்ல? இன்னும் பதிவேட்டுல ஏறல. ஒரே ஒரு வார்த்தை. 'வீட்டில்'ங்கறத அடிச்சிட்டு 'வேலையில்'னு எழுதுங்க. திங்கட்கிழமை காலை வரைக்கும் பாக்கறேன்."

"உன் பாப்பாவுக்கு ஆப்பிள் எடுத்துக்க."

"அவரு உங்க வீட்டு வாசல மிதிச்சதே இல்ல."

"வந்தாருன்னு எழுத்துல இருக்கேம்மா."

"சரி," என்றாள் சாவ்லே. "எழுத்துல இருக்குல்ல? அப்ப வீட்லயே இருங்க. விருந்தாளி வர்ற நேரத்துல ஆள் இல்லாமப் போயிடப் போகுது."

ஆப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்து அவர் காலடிப் பனியில் போட்டுவிட்டுப் போனாள்.

இதெல்லாம் தொலேகனுக்கு இப்போது ஏன் நினைவுக்கு வருகிறது என்று அவருக்கே பிடிபடவில்லை. நிலக்கரியை அடுப்பில் கொட்டினார். கரிப் புகையோடு வேறொரு வாசனையும் எழுந்தது: சூடான எண்ணெய், அரைத்த இரும்பு, எனாமல் வேகும்போது நாக்கின் அடியில் வந்து உட்காரும் அந்த இனிப்புக் கசப்பு. அவர் அடுப்புக் கதவைச் சாத்தினார். வாசனை சாத்தப்படவில்லை. அப்புறம் தரைப் பலகைகளின் கீழிருந்து, காதுக்குக் கேட்பதற்கு முன் குதிகாலுக்குத் தெரிகிற மாதிரி, ஒன்று இறங்கியது.

த்தம்.

பிறகு காற்று விடும் நீளமான பெருமூச்சு. அலமாரியில் கிண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு மெல்லக் கிணுகிணுத்தன. தொலேகன் எண்ணினார், எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினொன்று எண்ணியதும் மறுபடி. த்தம். பதினொரு நொடிக்கு ஒரு வாளி. மூன்றாம் எண் பிரஸ்ஸின் கணக்கு அது. தொழிற்சாலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், நான்கு மைல் தள்ளி. ஞாயிற்றுக்கிழமை அங்கே நாய்கூட இருக்காது.

தொலைபேசி அடித்தது. ரவ்ஷான்.

"யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரலையே."

"என்ன வரலையே? இப்ப பத்து நிமிஷம் முன்ன கூப்பிட்டேன், யாரோ எடுத்தாங்க. 'தொலேகே நிலக்கரி எடுக்கப் போயிருக்காரு, நாங்க உக்காந்திருக்கோம்'னாங்க. மரியாதையான புள்ளையாத்தான் தெரிஞ்சுது. எத்தன பேருன்னு கேட்டேன், பதினஞ்சுன்னாங்க. பதினஞ்சு பேரக் கூப்பிட்டுட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல பாருங்க."

தொலேகன் கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"பூப்போட்ட கிண்ணத்த எடுக்காதீங்க, விரிசல் விட்டிருக்கு. கறி கொட்டகைல தொங்குது. ரொட்டி நேத்து வாங்கினதுதான், இருக்கும். ஆமா, பின்னாடி என்ன சத்தம்? ஏதோ மெஷின் ஓடுற மாதிரி?"

தொடர்பு அறுந்தது. தொலேகன் கருவியைக் கையில் பிடித்தபடியே வாசல் நடையை எட்டிப் பார்த்தார்.

சுவரோரம் வரிசையாக, நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள் கழற்றி வைப்பதுபோல, பதினைந்து ஜோடி. பழையவற்றில் பனி இல்லை. கடைசி ஜோடியின் இடது பூட்ஸுக்குள் மட்டும் சிவப்பாகத் தேங்கியிருந்தது.

ஓடிவிடலாம் என்று நினைத்தார். வாசலுக்குப் போக அந்த பூட்ஸ்களைத் தாண்ட வேண்டும். விருந்தாளி உள்ளே இருக்கும்போது வீட்டுக்காரன் வெளியேறுவது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். அந்தப் பயத்திலும் அது அவர் காலைப் பிடித்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அவர் சிரிக்கவில்லை. பெரிய அறையின் கதவைத் தள்ளினார்.

தாழ்மேசை விரிக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் மெத்தைகள். ஒவ்வொரு மெத்தையிலும் ஆள் உட்கார்ந்த பள்ளம். ஆள் இல்லை. நடுவில் முழு ரொட்டி. பதினைந்து கிண்ணங்களில் பால் தேநீர், ஆவி பறக்க, பாதியளவு. எங்கள் ஊரில் பாதி ஊற்றினால் இன்னும் இருங்கள் என்று பொருள். விளிம்பு வரை ஊற்றினால் எழுந்து போங்கள்.

த்தம்.

அவர் தேநீர்ப் பானையை எடுத்தார். முதல் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினார். அடுத்ததை. அதற்கடுத்ததை. நான்காவதை ஊற்றும்போது முதல் கிண்ணத்தைப் பார்த்தார். அது இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ அவசரமில்லாமல் உறிஞ்சுவதுபோல. பாதியில் நின்றது. இரண்டாவதும். மூன்றாவதும். பள்ளமான மெத்தை ஒன்று கொஞ்சம் நகர்ந்து, வசதியாக அமர்ந்துகொண்டது.

"படிவம்," என்றார் தொலேகன் உரக்க. "படிவம் இருக்கு. இன்னும் ஏத்தல. இதோ."

பையிலிருந்து எடுத்தார். மேசையில் விரித்தார். பேனா. 'நிகழ்ந்த இடம்: பாதுகாப்பு அலுவலர் தொலேகனின் வீட்டில்.' அந்த வரியை அடித்தார். காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்தார்.

சத்தம் நின்றது.

பதினொன்று எண்ணினார். இருபது. முப்பது. ஒன்றும் இறங்கவில்லை. வாசனைகூடக் குறைந்த மாதிரி இருந்தது. பேனா முனை காகிதத்தின் மேல் நின்றது. வீடு முழுவதும் அந்த முனையைப் பார்த்தது. ஒரே ஒரு வார்த்தை.

நான்காயிரம் என்று நினைத்தார். சால்வை. தலைநகரிலிருந்து வரும் ஆட்கள். ஒராஸ்பெக்கின் முகம். அந்த நேரத்தில், அந்தப் பயத்தின் நடுவில், பதினொரு வருட அனுபவம் அவருக்குக் கைகொடுத்தது. ஒராஸ்பெக்குக்கும் ஒரு வீடு உண்டு. அங்கே விறகுக் கொட்டகையும் உண்டு. தொலேகன் அழகான கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதினார்: 'மேலாளர் ஒராஸ்பெக்கின் வீட்டில்.'

பேனாவை மூடினார். நிமிர்ந்தார்.

திருத்தம் செய்தால் பாதிக்கப்பட்டவர் தன் கையாலேயே ஒப்பமிட வேண்டும். விதி. அந்த விதியை எழுதியவரும் அவரே.

மேசை விரிப்பின் அடியிலிருந்து வந்தன. விரல்களால் நடந்து. முதலில் வந்தது காய்ந்து சுருங்கியது. அடுத்தது. அடுத்தது. தகடாக நசுங்கியது ஒன்று, பேசின் போல வளைந்தது ஒன்று, மேலே எனாமல் பளபளக்க. கடைசியில் எராசிலுடையது. வெதுவெதுப்பாக. விரிப்பில் ஈரக் கோடு இழுத்துக்கொண்டு. படிவத்தை ஒன்றும் தொடவில்லை. பேனாவையும். ரொட்டியிடம் போயின. சுற்றி நெருங்கின. ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளங்கை கீழே இருக்க, ரொட்டியின் மேல் அமர்ந்தன. சாட்சி சொல்பவர்கள் வைப்பதுபோல. மிக மரியாதையாக. கட்டைவிரல் நகம் பிளந்த பழைய கை ஒன்று மட்டும் சற்றே ஒதுங்கிக்கொண்டது.

ரொட்டியில் ஓர் இடம் காலியானது. ஒரு கை அளவுக்கு.

தொலேகனின் இடது கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. வலது கை பிடிக்கவில்லை. அது நீண்டது. அவர் இழுத்தார். தோள் வலித்தது. கை நீண்டது. விரல்கள் ரொட்டியின் மேல்தோலைத் தொட்டன. சூடாக இருந்தது. உள்ளங்கை படிந்தது. பதினைந்து கைகளும் அதைச் சுற்றி மெல்ல இறுக்கிக்கொண்டன, புதிதாக வந்தவனை வரவேற்பதுபோல.

மேலே, கூரைப் பலகைகளுக்குள், நீளமாகக் காற்று உள்ளே இழுக்கப்பட்டது. தொலேகன் அண்ணாந்து பார்த்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று.

தொடக்கத்தில் ரொட்டியின் மேல் வைத்தேனே, அந்த வலது கை, பலகை ஒன்பதாம் நாளைக் காட்டியபோதே மூன்றாம் எண் பிரஸ்ஸில் போய்விட்டது.