மானிட்டர் மேல் ஒரு மட்டிச் சிப்பி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பழவேற்காடு ஏரித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, லைட்ஹவுஸைப் பார்த்து நின்று, எந்த நேரத்திலும் இதே கதையை இதே மாதிரி சொல்லலாம். ஒரு எழுத்து கூடாது, ஒரு எழுத்து குறையாது. நம்பாதவர்கள் தோணிரேவுக்கு நேரில் போய் விசாரித்துக்கொள்ளட்டும்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் சாமுண்டீஸ்வரி என்று ஒருவர் இருக்கிறார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஊருக்கே ஏட்டம்மா. அவர் விசாரித்தால் நண்டுகூட நேராக நடந்து வந்து உண்மையைச் சொல்லிவிடும் என்பார்கள். அது கொஞ்சம் மிகை. நண்டு பக்கவாட்டில்தான் வரும். ஆனால் உண்மையைச் சொல்லும்.

அவருக்கு வலது கை முத்துராஜ். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஆட்டோவில் ஏறுகிறவர்களின் செருப்பைப் பார்த்தே எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவான். இதுவரை ஒரு தடவைகூடச் சரியாக வந்ததில்லை. அதற்காக அவன் தளர்ந்ததும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஏட்டம்மா வாசலில் உட்கார்ந்து கருவாட்டுக்குக் காக்கா விரட்டிக்கொண்டிருந்தபோது, தோணிரேவிலிருந்து ஜெஸ்ஸி வந்தாள். மீனவர் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண். கண் சிவந்திருந்தது.

"ஏட்டம்மா, நாளைக்கு சாயங்காலம் என்னை வேலைய வுட்டுத் தூக்கப் போறாங்க."

"உக்காரும்மா. இன்னா ஆச்சு, மொதல்லேர்ந்து சொல்லு."

ஜெஸ்ஸி சொன்னாள். ஏரியில் இறால் வரும் இடங்கள் மூன்று அந்த ஊருக்கு. அவற்றில் எந்தக் கூட்டம் என்றைக்கு எந்த இடத்தில் வலை வைப்பது என்பதற்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். இன்று இங்கே வலை வைத்தவன் நாளைக்கு அடுத்த இடத்துக்கு நகர்ந்தே ஆக வேண்டும். ஒருவனே ஒரு இடத்தை அமுக்கிக்கொண்டால் ஊரில் வெட்டுக்குத்து. முன்பெல்லாம் பானையில் சீட்டுப் போட்டு முறையைத் தொடங்கினார்கள். இப்போது சங்கத்துக் கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு புரோகிராம்.

"ஸ்டார்ட் மெனுவுல அது பேரு கீது. தட்டினா தொறக்கும். இப்போ ஒரு மாசமா, ஒரு நாள் தொறக்குது, ரெண்டு நாள் தொறக்க மாட்டேங்குது. மறுபடி ஒரு நாள் தொறக்குது. நாளைக்கு ஊர்க்கூட்டம், புதுப் பாடு போடணும். தொறக்கலைனா மிஷினையும் வித்துட்டு, உன்னையும் அனுப்பிச்சிட்டு, பழையபடி பானைய எடுத்துருவோம்னு தலைவர் சொல்லிட்டாரு."

"போனா போவுது, வேற வேலை இல்லையா?" என்றான் முத்துராஜ்.

ஜெஸ்ஸி அவனைப் பார்த்தாள். "எங்கம்மா விரலப் பாத்துருக்கியாண்ணா? ஏரியில கையால தடவித் தடவி எறா புடிக்குது. சிப்பி கிழிக்காத எடம் கிடையாது. எங்க வூட்டுல மொத மொத நான்தான் கை காய்ஞ்சி சோறு துன்றேன்."

ஏட்டம்மா காக்கா விரட்டும் குச்சியைக் கீழே வைத்தார். "முத்து, வண்டிய எடு."

சங்கக் கட்டடம் ஒரே அறை. மேஜை மேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் பழைய வலைக் குவியல். மானிட்டரின் மேல்விளிம்பில், நட்டநடுவில், ஒரு மட்டிச் சிப்பி இருந்தது.

தலைவர் தானியேல் அங்கே இருந்தார். பொன்னேரியிலிருந்து வந்திருந்த மெக்கானிக் ஜோயலும் இருந்தான். ஜோயல் ஏற்கெனவே ஒருமுறை கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து பார்த்தவன். உள்ளே ஒரு நண்டு குடும்பத்தோடு குடியிருந்தது. விசாரணையில் அது நிரபராதி என்று தெரிந்ததால் ஏரியில் விட்டுவிட்டார்கள்.

"வைரஸ்தான் மேடம். மொத்தமா அழிச்சிட்டு புதுசா போட்டுரலாம்," என்றான் ஜோயல்.

முத்துராஜ் ஏட்டம்மாவின் காதருகே குனிந்தான். "இவன்தான். ரிப்பேர் வேலை கெடைக்கணும்னு இவனே பண்ணிக்கினு கீறான். செருப்பப் பாருங்க."

"செருப்புல இன்னா?"

"புதுசு."

"ஜெஸ்ஸி, தட்டும்மா," என்றார் ஏட்டம்மா.

ஜெஸ்ஸி மெனுவைத் திறந்து தட்டினாள். திரையில் ஒரு சின்னப் பெட்டி, இங்கிலீஷ் எழுத்தோடு வந்தது. ஜெஸ்ஸி சட்டென்று ஓகே அழுத்தினாள். பெட்டி போய்விட்டது. புரோகிராம் வரவில்லை.

"இரு. அந்தப் பொட்டியில இன்னா எழுதிக் கீது?"

"பொட்டி வந்தா ஓகே அழுத்தணும் ஏட்டம்மா. அப்பிடித்தான் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் ஜெஸ்ஸி.

"ஒரு மாசமா யாருமே படிக்கலையா? தம்பி, நீ?"

ஜோயல் தலையைச் சொறிந்தான். "நானும் ஓகே தட்டிருவேன் மேடம். டைம் கெடைக்காது."

மறுபடி தட்டச் சொல்லி, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஏட்டம்மா சாட்சி வாக்குமூலம் படிப்பது போல் நிதானமாகப் படித்தார். "தேடி வந்த ஆள் இந்த விலாசத்தில் இல்லை, இடம் மாறிவிட்டது அல்லது மாற்றப்பட்டது என்கிறது. அப்போ ஆள் சாகலை. குடி போயிருக்கு. மெனுவுல இருக்கிறது ஆள் இல்லம்மா, வூட்டுக்கு வழிகாட்டுற பலகை. பலகை பழைய வூட்டையே காட்டிக்கினு கீது. தேடிப் பாரு."

ஜெஸ்ஸி தேடினாள். கம்ப்யூட்டருக்குள் சி, டி, இ என்று மூன்று டிரைவ். வழக்கமாக சி-யில் இருக்கும் பாடு ஃபோல்டர், முழுசாக, ஒரு சேதமும் இல்லாமல் டி-யில் இருந்தது. தட்டியதும் திறந்தது. ஜெஸ்ஸி கைதட்டினாள்.

"அவசரப்படாத. எடத்தைத்தான் கண்டுபுடிச்சோம், ஆளக் கண்டுபுடிக்கல. நாளைக்குக் காலையில இது எங்க இருக்கும்னு தெரியாம கூட்டத்துல போய் நிக்க முடியாது. இப்போ அது இருக்கிற எடத்துலயே கெடக்கட்டும். உன்னைத் தவிர இந்த மிஷினைத் தொடத் தெரிஞ்சவங்க யாரு?"

"தலைவரு இதுல சீட்டு ஆடுவாரு. ஜோயலண்ணன். அப்புறம் பாடு கூப்புடுற தேசப்பன் தாத்தா, தீமிதி போட்டோ பாக்க வருவாரு. போட்டோவ ஒரு எடத்துலேர்ந்து வெட்டி இன்னொரு எடத்துல ஒட்டக்கூட அவருக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஆபீசு சாவி தலைவர் வூட்டு ஆணியில தொங்கும். யார் வேணா எடுக்கலாம்."

அதற்குள் முத்துராஜ் மானிட்டர் மேல் கையை நீட்டினான். "இது இன்னா சிப்பி, தூசி மாதிரி..."

"தொடாத!"

ஏட்டம்மா குரலை உயர்த்தி முத்துராஜ் அன்றுதான் கேட்டான். கை அந்தரத்திலேயே நின்றது.

"ஜெஸ்ஸி, இந்தச் சிப்பி யாரு வெச்சது?"

"தெரியாது ஏட்டம்மா. யாரோ அழகுக்கு வெச்சிருக்காங்க. ஒரு நாள் இந்தாண்ட கீது, ஒரு நாள் அந்தாண்ட கீது. காத்துக்கு நகருது போல."

"மட்டிச் சிப்பிய நகத்துற காத்து அடிச்சா, மேஜை ஏரியில இருக்கும். மெனுவுல தட்டினவுடனே தொறக்குதே, அன்னிக்கு எந்தப் பக்கம் இருக்கும்?"

ஜெஸ்ஸி கண்ணை மூடி யோசித்தாள். "இடது ஓரம். கீழ விழுந்துருமோனு தள்ளி வைக்கலாம்னு நெனப்பேன். அதனால ஞாபகம் கீது."

திரும்பி வரும் வழியில் முத்துராஜால் பொறுக்க முடியவில்லை. ஆட்டோவை ஓட்டியபடியே கண்ணாடியில் ஏட்டம்மாவைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தான்.

"தலைவர்தான் ஏட்டம்மா. அவருக்குத்தானே பானை வேணும்? மிஷின் கெட்டுப்போச்சுனு சொன்னா பானை வந்துரும்."

"மிஷினைக் கெடுக்கணும்னு நெனக்கிறவன் அழிச்சிட்டுப் போவான். திருடுறவன் எடுத்துக்கினு போவான். வைரஸுக்கு நாள் கெழமை தெரியாது. எடுத்தத ஒழுங்கா, முறை தப்பாம, பழைய எடத்துக்கே திரும்பக் கொண்டாந்து வைக்கிறவன் எவன்டா?"

முத்துராஜ் யோசித்தான். யோசிக்கும்போது ஆட்டோவை நிறுத்துவது அவன் வழக்கம். பின்னால் வந்த திருப்பாலைவனம் பஸ் ஹாரன் அடித்தது.

"தெரியலையே."

"நீ ஏரிக்காரன் இல்ல. அதான்."

சனிக்கிழமை காலையில் ஜெஸ்ஸி போன் செய்தாள். ஃபோல்டர் இ-க்குப் போய்விட்டது. சிப்பி மானிட்டரின் வலது ஓரத்தில் இருந்தது. "தொடாம வுட்டுடு," என்றார் ஏட்டம்மா.

சாயங்காலம் ஊர்க்கூட்டம். அறை கொள்ளாமல் வெளியிலும் ஆட்கள். தானியேல் நாற்காலியில். மேஜைமேல் பானை தயாராக இருந்தது. யாரோ அதற்குப் பொட்டுகூட வைத்திருந்தார்கள். ஜோயல் சுவரோரம். அவனுக்குப் பக்கத்தில் தேசப்பன், வெற்றிலை மென்றபடி. அன்றைக்கு யாருக்கு எந்த இடம் என்று கரையில் நின்று பாடு கூப்பிடுவது அவர் வேலை. எழுபது வயதிலும் அவர் கரையில் நின்று கூப்பிட்டால் ஆந்திரா பக்கம் இருக்கும் படகு திரும்பி வரும். வந்த படகைத் திருப்பி அனுப்பத்தான் பெரும்பாடு.

"இன்னாம்மா ஜெஸ்ஸி, தொறக்குமா, தொறக்காதா?" என்றார் தானியேல்.

ஏட்டம்மா எழுந்தார். மேஜைக்குப் போனார். மானிட்டரின் வலது ஓரத்தில் இருந்த சிப்பியை எடுத்து, முந்தானையால் துடைத்து, இடது ஓரத்தில் வைத்தார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து, டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் ஏட்டம்மாவைப் பார்த்தார்கள். முத்துராஜ் மட்டும் எல்லோரையும் பார்த்தான். அப்படித்தான் அவனிடம் சொல்லியிருந்தது. தானியேல் கொட்டாவி விட்டார். ஜோயல் போனைப் பார்த்தான். தேசப்பன் வெற்றிலை மெல்லுவது நின்றது. கால் மாற்றி நின்றார். சிப்பியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி சிப்பியைப் பார்த்தார்.

"யம்மா ஏட்டம்மா!" தாங்க முடியாமல் கத்திவிட்டார். "இன்னா பண்றே நீ? இன்னிக்கு அது சோத்தாங்கைப் பக்கம் இருக்கணும்! முறைய மாத்தினா நாளைக்கு எவன் பதில் சொல்றது?"

"எந்த முறை, தேசப்பன்?" என்றார் ஏட்டம்மா, டீயை உறிஞ்சியபடி.

அப்போதுதான் தேசப்பனுக்குத் தான் மாட்டிக்கொண்டது புரிந்தது. ஆனால் வெட்கப்படுகிற ஆள் அவர் இல்லை. நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆமாம், நான்தான் மாத்தினேன். தப்பு இன்னா? மூணு எடம் கீது உள்ள. இந்த ஒரு புரோகிராமு மட்டும் வருசக்கணக்கா மொத எடத்துலயே குந்திக்கினு கீது. ஒருத்தனே ஒரே எடத்துல தெனம் வலை வெச்சா ஏரி பொறுக்குமா? மிஷினு மெதுவாப் போவுது, மெதுவாப் போவுதுனு பாப்பா பொலம்பிச்சு. எடம் செத்துப்போச்சு, அதான் மெதுவாப் போவுதுனு எனக்குத் தெரிஞ்சிபோச்சு. தெனம் வெடியக்காலையில வந்து, பாப்பா சொல்லிக் குடுத்த மாதிரியே வெட்டி, அடுத்த எடத்துல ஒட்டினேன். அடையாளத்துக்குச் சிப்பி. மொத எடம் கொஞ்சம் ஓய்வெடுத்து எழுந்துக்கட்டுமே!"

"அய்யோ தாத்தா, மெனுவுக்கு எடம் மாறினது தெரியாதே!" என்றாள் ஜெஸ்ஸி.

"மெனுவுக்குத் தெரியலைனா அது மெனுவோட தப்பு. பாடு மாறுனா ஊருக்கே தெரியுது, மெனுவுக்குத் தெரியாதா?"

ஏட்டம்மா முத்துராஜ் பக்கம் திரும்பினார். "சிப்பி மூணு எடத்துல நின்னுது. உள்ள இருக்கிறதும் மூணு எடம். நாளுக்கு ஒரு நகர்வு, சுத்தி வந்தா பழைய எடம். இந்த ஊர்ல இது எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்குதான். ஆனா முறையை யாராச்சும் கலைச்சா, பாத்துக்கினு சும்மா நிக்க முடியாத ஆளு ஒருத்தர்தான்."

"அப்போ தப்பு யாரு மேல தலைவரே?" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

தானியேல் கூரையைப் பார்த்தார். ஜெஸ்ஸி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேசப்பன் மாமா சொல்றதுல நியாயம் கீது," என்றார் தானியேல். "ஊருக்கெல்லாம் முறை வெச்சிட்டு, முறை போடுற புரோகிராமுக்கு முறை இல்லைனா அது அநியாயம். அது மாறிக்கினேதான் இருக்கணும். ஜெஸ்ஸி, மெனுவுல ஒண்ணு இருக்கிற எடத்துல மூணு வெச்சிர முடியுமா?"

"முடியும் தலைவரே! ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு ஷார்ட்கட்டு."

"சிப்பி எந்தப் பக்கமோ, அதத் தட்டு. மாமா தெனம் மாத்தட்டும். நீ தெனம் வா. பானைய எடுத்துக்கினு போங்கப்பா, மீன் கொழம்புக்கு ஆவும்."

ஜோயல் மட்டும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். யாரும் கேட்கவில்லை. ஜெஸ்ஸி மூன்று ஷார்ட்கட்டையும் அங்கேயே போட்டு, தேசப்பன் வலது ஓரத்துக்கே திருப்பி வைத்த சிப்பியைப் பார்த்து, மூன்றாவதைத் தட்டினாள். புரோகிராம் திறந்தது. புதுப் பாடு போட்டது. தேசப்பன் வெளியே போய்க் கரையில் நின்று முறையைக் கூப்பிட்டார். ஏரியில் நின்ற பூநாரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடுத்த இடத்துக்கு நகர்ந்தன.

அந்த மூன்று ஷார்ட்கட்டும் இன்றைக்கும் தப்பாமல் வேலை செய்கின்றன. ஜெஸ்ஸி தினமும் காலையில் கை காய்ந்தபடி வேலைக்குப் போகிறாள். அந்தச் சங்கக் கட்டடத்துக்கு இன்னும் கரண்டு இழுக்கவில்லை.