கல்லறைத் திருநாளில் கழுவிய ரிக்கார்டு

கீறல் என்றால் ரிக்கார்டு சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் அதே இடத்தில் டிக்கென்று வரும். தூசி என்றால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி கண்ட இடத்தில் பொரியும். இந்தச் சத்தம் இரண்டிலும் சேரவில்லை. சுற்றுக்கு முந்தியும் பிந்தியும், நின்று நிதானமாக, யாரோ யோசித்து யோசித்துத் தட்டுகிற மாதிரி வந்தது. ஜோசஃபின் ஊசியைத் தூக்கிவிட்டு, "என்ன சனியன் இது?" என்று காலி வீட்டிடம் கேட்டாள்.

அன்று கல்லறைத் திருநாள். பெங்களூர் பிரேசர் டவுனில் அவள் தெருக்காரர்கள் பாதிப் பேர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, குடும்பம் குடும்பமாகச் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கழுவ ஒரு கல்லறை கிடையாது. அப்பா ஆரோக்கியசாமி கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் பாறை சரிந்ததில் இறந்துபோனவர். உடல் கிடைக்கவே இல்லை. அதனால் வருஷா வருஷம் இந்த நாளில், அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே ரிக்கார்டை, ஏதோ ஒரு கோயில் பாடகர் குழு பாடிய கிறிஸ்துமஸ் பாட்டுகளை, எடுத்துத் துடைத்துப் போட்டுக் கேட்பாள். கல்யாணம் நிலைக்கவில்லை. பிள்ளை இல்லை. தம்பி கனடாவிலிருந்து காலை வணக்கம் படம் அனுப்புவதோடு சரி. அவளுக்கென்று மிச்சம் இருந்தது இந்தக் கறுப்பு வட்டம்தான்.

சத்தம் அழுக்கால் வருகிறதோ என்று, பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரே ஒரு சொட்டு விட்டு, மெத்தென்ற துணியை நனைத்து, நடுவில் இருக்கும் லேபிளில் ஈரம் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வரிகள் ஓடுகிற திசையிலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தாள். திறந்த ஜன்னல் வழியாக மழைக்கு முந்தின ஈரக்காற்றும், யார் வீட்டிலோ மீன் வறுக்கும் வாசனையும், மசூதியின் மாலைப் பாங்கும், ஆட்டோ ஹாரனும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. துணியில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தது. போன வருஷம் இப்படி வரவில்லை. விரலில் தேய்த்துப் பார்த்தாள், நறநறவென்றது. தங்கவயலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டி, வீட்டுக்குப் பின்னால் மலையாகக் கிடந்த சயனைடு மேட்டு மண் இதே நிறம்தான், காற்றடித்தால் சோற்றில்கூட விழும். ஏசுவே, பெங்களூரில் ஏது அந்த மண்?

அலசினாள். சாம்பல் வந்தது. மறுபடி அலசினாள். மறுபடியும் சாம்பல். அலுத்துப்போய், பாத்திரம் கவிழ்க்கும் கம்பிக் கூடையில் ரிக்கார்டை நிறுத்தி உலரவிட்டு, ஊசி முனையையும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் போட்டாள்.

கரகரப்பு சுத்தமாகப் போயிருந்தது. பாடகர்கள் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. தட்டுகிற சத்தம் மட்டும் போகவில்லை. முன்னைவிடத் தெளிவாக, இரும்பால் பாறையைத் தட்டுவதாகவே கேட்டது. பொறுக்கமுடியாமல் ஊசியைத் தூக்கினாள். பாட்டு நின்றது. தட்டுவது நிற்கவில்லை. அது தரையிலிருந்து வந்தது.

போன் அடித்ததும் தூக்கிவாரிப் போட்டது. கீழ் வீட்டு தர்ஷினி. திருவண்ணாமலைப் பெண், ஐடி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள்.

"ஆன்ட்டி, தப்பா நெனச்சிக்காதீங்க, மீட்டிங்ல இருக்கேன். மேல எதையோ இடிச்சிக்கிட்டே இருக்கீங்களே, கொஞ்சம் நிறுத்துறீங்களா?"

"நான் இல்லம்மா. உன் வீட்லேர்ந்து வருதுன்னுல்ல நெனச்சேன். எனக்குக் கீழேர்ந்து கேக்குது."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. தர்ஷினி மூச்சை அடக்கிக் கேட்பது தெரிந்தது.

"ஆன்ட்டி," குரல் இறங்கியிருந்தது. "எனக்கும் கீழேர்ந்துதான் வருது. எனக்குக் கீழ யாருமே இல்லியே ஆன்ட்டி. தரை வேற சுடுது."

லைன் அறுந்தது.

ஜோசஃபின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆழத்தில் பாறை சுடும் என்று அப்பா சொல்வார். ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் தட்டுவார். உள்ளேயிருந்து அவள் திருப்பித் தட்டினால்தான் குரல் கொடுப்பார். "சரிஞ்ச பாறைக்குப் பின்னால ஒருத்தன் தட்டுனா, வெளிய இருக்கிறவன் திருப்பித் தட்டணும் கண்ணு. கேட்டுச்சு, இதோ வரேன்னு அர்த்தம். தட்டிட்டா அப்புறம் போயே ஆகணும்."

பாறைக்குப் பின்னாலிருந்து தட்டுவது கேட்டது என்று அன்றைக்குச் சொன்னார்கள். பிறகு பாறை மறுபடி சரிந்தது. பிறகு கேட்கவில்லை என்றார்கள். அவருக்கு யாராவது திருப்பித் தட்டினார்களா? இத்தனை வருஷமும் அவளைத் தூங்கவிடாமல் அரித்த கேள்வி அதுதான். ஒருத்தராவது தட்டியிருக்கக் கூடாதா? அந்த இருட்டில் தனியாக, கேட்பாரில்லாமல், ஐயோ அப்பா.

பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. அழுதுகொண்டே குனிந்து, மடக்கிய விரலால் தரையில் தட்டினாள்.

நின்றது.

எல்லாமே நின்றது. ஹாரன் இல்லை. தெருவில் பேச்சில்லை. மீன் வாசனை இல்லை. மொசைக் தரை காலைச் சுட்டது. வெடிமருந்து நாற்றம் வந்தது. ஈரப் பாறை நாற்றம். அப்பாவின் சட்டை நாற்றம்.

ஜன்னலைப் பார்த்தாள். தெருவிளக்கைக் காணோம். கம்பிகளுக்கு அந்தப் பக்கம், கம்பியை ஒட்டி, கறுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது. விரலை நீட்டித் தொட்டாள். பாறை. வெதுவெதுப்பாக, வியர்த்திருந்தது.

கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தாள். மாடிப்படி இல்லை. அங்கேயும் பாறை.

"தர்ஷினீ!"

பதில் வந்தது. கீழ் வீட்டிலிருந்து அல்ல. மேலேயிருந்து. ரொம்ப ரொம்ப மேலேயிருந்து, நூலாக.

"ஆன்ட்டி... எங்க இருக்கீங்க ஆன்ட்டி..."

பாறையில் தட்டினாள். விரல் தோல் கிழியத் தட்டினாள். காதை ஒட்டவைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை. மேலே கேட்ட குரலும் அடங்கிப்போயிற்று.

விளக்கு மங்கி அணைந்தது.

மறுபடி தட்டினாள். மெதுவாக. கெஞ்சுகிற மாதிரி.

இருட்டில், பாறைக்கு அந்தப் பக்கமிருந்து அல்ல, அறைக்குள்ளிருந்து, அவள் முதுகுக்கு மிக அருகிலிருந்து, ஒரு கை நிதானமாகத் திருப்பித் தட்டியது.