இடது பக்கம் எண்ணெய் இல்லை!

திரும்பி வந்த பந்தில் ரத்தம்!

ஹம்சா இடது கையை நீட்டி அதை எடுத்த பிறகுதான் பார்த்தாள். விரல்களில் பிசுபிசுப்பு... உள்ளங்கை முழுக்கச் சிவப்பு...

வீறிட்டாள்.

தி.நகர் மாலின் நான்காவது மாடி. பத்துப் பின்களைப் பந்து உருட்டித் தள்ளும் பௌலிங் அரங்கம். இன்னும் சற்று நேரத்தில் மாநிலச் சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டி. பழகிப் பார்க்கலாம் என்று முதல் பந்தை அவள்தான் உருட்டியிருந்தாள்.

அதுவே கோணல்மாணலாகத்தான் போனது. கடைசியில் வளைய வேண்டிய பந்து பாதி வழியிலேயே வளைந்து, ஓரமாய் இரண்டு பின்களைத் தட்டிவிட்டுப் பின்னாலிருந்த குழிக்குள் விழுந்தது. 'தடால்' என்று கேட்க வேண்டிய சத்தம் 'பொத்'தென்று கேட்டது. குழியிலிருந்து மிஷின் திருப்பி அனுப்பியபோதுதான் அந்த ரத்தம்.

"இன்னா மேடம்... இன்னாச்சு?"

பந்து உருளும் பலகைப் பாதைகளை, லேன்களை, பராமரிக்கும் பொன்ராஜ் டிபன் பொட்டலத்தோடு ஓடி வந்தான். பந்தைப் பார்த்தான். பொட்டலம் கீழே விழுந்தது. இடுப்புச் சாவியை உருவிக்கொண்டு குழிக்குப் பின்னாலிருந்த பின்கதவுக்கு ஓடினான்.

அடுத்த நொடி அவனும் அலறினான்.

"ஐயோ மேடம்! குழிக்குள்ள ஸ்ரீநாத் சார் கீறாரு... மண்டை பொளந்து கீது!"

ஸ்ரீநாத்... ஆட்டக்காரர்களின் பந்துகளைச் சோதித்து அனுமதிக்கும் அதிகாரி. வருகிற தை மாசம் ஹம்சாவின் கழுத்தில் தாலி கட்ட வேண்டியவன்!

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.



இன்ஸ்பெக்டர் உமர் ஃபாரூக்குக்கு ஆறடி உயரம். பொறுமை மட்டும் அரையடிதான்.

பின்கதவு வழியாக உடல் ஆஸ்பத்திரிக்குப் போனது. அவர் ஹம்சாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நேத்து எல்லார் முன்னாடியும் ஸ்ரீநாத்தைக் கன்னத்துல அறைஞ்சீங்களாமே?"

"ஆமா சார்..." ஹம்சா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "ஃபைனலுக்கு முதல் நாள் என் ராசியான பந்தை ரிஜெக்ட் பண்ணிட்டார். கட்டிக்கப் போறவளாச்சேன்னுகூடப் பார்க்கலை. கோபத்துல கை நீட்டிட்டேன்."

"இன்னிக்கு மண்டையையே உடைச்சிட்டீங்க."

"சார்!"

"முதல்ல வந்தது நீங்க. ரத்தம் உங்க பந்துல. பந்தால அடிச்ச மாதிரிதான் காயமும். எந்திரிங்க... ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசுவோம்."

கான்ஸ்டபிள் வேலு அவள் பக்கம் நகர்ந்தார்.

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

குரல் வந்த திசையில் அச்யுத் நின்றுகொண்டிருந்தான். இறுதிப் போட்டியில் அவளுடைய எதிராளி. மயிலாப்பூரில் அடுத்த தெருக்காரன். இரண்டு கையாலும் பந்தைச் சுழற்றி வலது கையால் விடும் முரட்டு ஆட்டம் அவனுடையது. விலையுயர்ந்த பௌலிங் ஷூ... அதற்கு மேலே சாக்ஸ் இல்லாத வெறும் கணுக்கால்!

"ஒரு பந்துக்காக உயிரையே எடுப்பியா? உங்கப்பாம்மா மூஞ்சில இனிமே எப்படி முழிப்பே?"

அப்பா அம்மா என்றதும் ஹம்சாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த அழுகையின் நடுவேதான்... மூளைக்குள் சுரீர் என்றது!

பந்து ஏன் பாதியிலேயே வளைந்தது?

"பொன்ராஜ்! காத்தால லேனுக்கு எண்ணெய் போட்டியா, இல்லையா?"

"இன்னா மேடம் இப்டி கேட்டுகினு? ரெண்டு பக்கமும் மிஷின் வுட்டு மழமழன்னு போட்டுட்டுத்தான் டிபனுக்கே போனேன்."

"சார், ஒரே நிமிஷம். நாங்க தாண்டக் கூடாத அந்த ஃபவுல் கோட்டுக்கு அந்தப் பக்கம் லேனைத் தொட்டுப் பாருங்கோ. ரெண்டு பக்கமும்."

"விளையாடறீங்களா?"

"என் உயிர் போற விஷயம் சார். தொட்டுப் பாருங்கோ!"

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. உமர் ஃபாரூக் முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். வலது பக்கம் விரல் வழுக்கியது. இடது பக்கம்... காய்ந்து கிடந்தது!

"என்னம்மா இது?"

"லேன்ல முக்கால்வாசி தூரத்துக்கு எண்ணெய் போடுவா சார். எண்ணெய் இருக்கற வரைக்கும் பந்து நேரா வழுக்கிண்டு போகும். அது முடியற இடத்துலதான் பிடிச்சு வளையும். வலது கைக்காரா வலது பக்கம் உருட்டுவா. நான் இடது கை, இடது பக்கம்."

"அந்தப் பக்கம் ஆளே வராது சார்!" அச்யுத் இளக்காரமாகக் குறுக்கே புகுந்தான். "நாங்க இருபது பேர் உருட்டி உருட்டி எங்க பக்கத்து எண்ணெயைத் தேய்ச்சுடுவோம். இவ பக்கம் சாயங்காலம் வரைக்கும் ஃப்ரெஷ்ஷா இருக்கும். லெஃப்ட் ஹேண்டர்னா கொடுத்து வச்ச ஜென்மம்!"

"இன்னிக்கு ஃப்ரெஷ்ஷா இல்லையே அச்யுத்?" ஹம்சா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சார், ஸ்ரீநாத்தோட சட்டை முதுகு எப்படி இருந்தது?"

உமர் ஃபாரூக்கின் புருவம் உயர்ந்தது. "எண்ணெய்... ஊறிப் போயிருந்தது. தலையில டவல் இறுக்கிக் கட்டியிருந்தது, ரத்தம் அதையும் தாண்டி வழிஞ்சிருந்தது."

"ரத்தம் லேன்ல சிந்தக் கூடாதுன்னு டவல். அவரை இங்கே அடிச்சுப் போட்டு, லேன் மேலேயே இழுத்துண்டு போய்க் குழிக்குள்ள தள்ளியிருக்கான். என் எண்ணெயை அவர் சட்டை துடைச்சிடுத்து. நான் உருட்டின பந்து நேரா அவர் மேலேயே..."

உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பொன்ராஜா இருந்தா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நைனா, என்னை ஏன் இழுக்கறே?" பொன்ராஜ் பதறினான். "பின்கதவு சாவி என் இடுப்புல கீது. நான் ஏன் லேன் மேல இழுத்துகினு போவணும்?"

நியாயமான கேள்வி. உமர் ஃபாரூக் ஹம்சா பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்களே இழுத்துட்டுப் போயிருக்கலாமே?"

"நான் கொன்னிருந்தா வலது பக்கம் இழுத்துண்டு போயிருப்பேன் சார்!"

இன்ஸ்பெக்டர் லேனைத் திரும்பிப் பார்க்க, ஹம்சா தொடர்ந்தாள்.

"ஃபைனல் இந்த லேன்லதான். எந்த ஆட்டக்காரனும் தன்னோட பக்கத்தைக் கெடுத்துக்க மாட்டான். கொலையே பண்ணினாலும்! அது எங்க ரத்தத்துல ஊறின புத்தி. இழுத்தவன் வலது கைக்காரன். இந்த லேன்ல இன்னிக்கு ஆடப்போறது ரெண்டே பேர். நான்... அப்புறம் அவன்."

எல்லார் தலையும் அச்யுத் பக்கம் திரும்பியது.

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே செத்துப் போனது.

"கதை நன்னா இருக்கு. சாட்சி?"

"சாக்ஸ் எங்கே அச்யுத்?"

"எ... என்ன?"

"அடிப்பாகத்துல எண்ணெய் பட்டா பௌலிங் ஷூ பாழ். அப்புறம் கோட்டுக்கிட்ட அளவா வழுக்கி நிக்க முடியாது. அதனால ஷூவைக் கழட்டி வச்சுட்டு, சாக்ஸோட அடி மேல அடி வச்சு இழுத்திருக்கே. வெறுங்காலோட ஒரு நாளும் நீ ஷூ மாட்டி நான் பார்த்ததில்லை."

"வேலு!" உமர் ஃபாரூக் கர்ஜித்தார். "இவன் பையைத் திற!"

ஜிப் கிழிந்தது. பிளாஸ்டிக் கவரில் சுருட்டிய சாக்ஸ்... எண்ணெயும் குழி மிஷினின் கருப்புக் கிரீஸும் சொதசொதவென்று... அதற்குக் கீழே ஒரு கருநீலப் பந்து.

அச்யுத் பாய்ந்தான்!

பந்தை அள்ளிய கை அப்படியே சுழன்றது. 'மடார்!' வேலுவின் தாடை விலகியது. இரண்டு பற்கள் தரையில் உருண்டன. ஐயோ என்று சொல்லக்கூட வாயில்லாமல் அவர் சரிந்தார்.

உமர் ஃபாரூக்கின் கையில் துப்பாக்கி முளைப்பதற்குள் ஹம்சாவின் கூந்தல் அச்யுத்தின் இடது கையில்! வலது கையிலிருந்த பந்து அவள் உச்சந்தலைக்கு மேலே!

"கிட்ட வந்தா இவ மண்டையும் தேங்காய்தான்!"

"அச்யுத்... வேண்டாம்..."

"வாயை மூடுடி! அவன்கிட்டே கெஞ்சினேன். காலைப் பிடிச்சேன். நன்னா பிடிச்சு வளையணும்னு பந்தைக் கெமிக்கல்ல ஊற வச்சு மெத்துனு ஆக்கினது நிஜம்தான். இந்த ஒரு போட்டிக்குக் கண்டுக்காம விடுடான்னேன். ஆயுசுக்கும் தடை வாங்கித் தரேன்னான்! இந்தியா டீம்ல இடம் கிடைக்கப் போற நேரத்துல! திரும்பி நின்னு ரிப்போர்ட் பண்ண போனை எடுத்தான். அடிச்சேன். ஒரே அடி!"

ஹம்சா இடது கை விரல்களை மடக்கி இறுக்கினாள். பயத்தால் இல்லை. ஆத்திரம்!

வாசல் பக்கம் உமர் ஃபாரூக்கின் துப்பாக்கி. குழிக்குப் பின்னால் கதவு திறந்தே கிடந்தது. அச்யுத் அவளைத் தரதரவென்று லேனுக்குள் இழுத்தான். ஃபவுல் கோட்டைத் தாண்டியதும் 'பீங்...' என்று மணி அலறியது.

கெட்டிக்காரன்! எண்ணெய் இல்லாத இடது பக்கமாகவே நடந்தான். ஸ்ரீநாத்தின் முதுகு துடைத்து வைத்த அதே பாதை.

பத்தடி... பதினைந்தடி...

'ஸ்ரீநாத், கொஞ்சம் பிடிச்சுக்கோ' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள் ஹம்சா. இரண்டு காலையும் காய்ந்த பலகையில் அழுத்தி ஊன்றினாள். முழங்கையை அவன் விலாவில் இறக்கி, தோளால் முழு பலத்தோடு வலது பக்கம் இடித்தாள்.

கையோடு ஒரு கற்றைக் கூந்தல் பிய்ந்துகொண்டு போனது. அச்யுத்தின் கால் வலது பக்கம் விழுந்தது.

அவன் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்த எண்ணெய்!

இரண்டு காலும் ஒரே நேரத்தில் மேலே போயின. பின்மண்டை பலகையில் 'ணங்'கென்று மோதியது. பந்து அவள் காலடிக்கு உருண்டு வந்தது.

எழுந்தான்... வழுக்கினான். மறுபடி எழுந்தான்... முகம் குப்புற விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட, வலது கையைப் பரப்பி அவள் கணுக்காலை எட்டிப் பிடித்தான்.

"கொன்னுடுவேன்டி உன்னை..."

ஹம்சா பந்தின் துளைகளுக்குள் விரலை விட்டாள். இடது கை தலைக்கு மேல் உயர்ந்தது.

"மேடம்! வேண்டாம்!" உமர் ஃபாரூக் கத்திக்கொண்டே ஓடி வந்தார். லேனில் கால் வைத்தார். வழுக்கி உட்கார்ந்தார்.

பந்து இறங்கியது.

'நறுக்!'

வலது மணிக்கட்டு போக வேண்டாத திசையில் மடங்கித் தொங்கியது. அச்யுத் போட்ட கூச்சலில் பின்களுக்குப் பின்னால் ஓடிப்போய் ஒளிந்திருந்த பொன்ராஜ் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

உமர் ஃபாரூக் தவழ்ந்து வந்து, அச்யுத்தின் இடது கையில் மட்டும் விலங்கை மாட்டினார். வலது கையில் மாட்ட இடமில்லை.

"என் கை... என் கை போச்சே... இனிமே எப்படி ஆடுவேன்..."

ஹம்சா கன்னத்தில் வழிந்த கண்ணீரை ரத்தக் கையால் துடைத்தாள்.

"ஏன்டா அழறே? இனிமே நீயும் லெஃப்ட் ஹேண்டர்தான்... கொடுத்து வச்ச ஜென்மம்!"