அம்மாவின் டப்பா போன்

அப்பாவின் போன் மறுபடியும் கீழே விழுந்தது. இந்த முறை கண்ணாடியில் நீளமாக ஒரு விரிசல்.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் இப்போதெல்லாம் ஏதாவது விழுந்தால் "அச்சச்சோ" என்றுகூடச் சொல்ல மாட்டோம். சொன்னால் அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார்.

என் பெயர் லிசி. ஆறாம் வகுப்பு படிக்கிறேன். வீடு மன்னார்புரத்தில். என் அப்பா பிலோமின்ராஜ், துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கனத்த இரும்புத் தகடு நழுவி அவருடைய வலது கைமேல் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா திரும்பி வந்துவிட்டார். அவருடைய கட்டை விரல் வரவில்லை.

போனைத் திறக்க விரல் வைக்கிற சென்சார் இருக்கிறதல்லவா, அது அப்பாவின் போனில் வலது ஓரத்தில் இருக்கிறது. போனை வலது கையில் எடுத்தால் கட்டை விரல் தானாகப் போகிற இடம். அப்பா ஒவ்வொரு முறையும் மறந்துபோய், இல்லாத விரலை அங்கே கொண்டுபோவார். போன் நழுவிவிடும்.

"இனிமே இத என்கிட்ட குடுக்காதீங்க" என்று அப்பா போனை டி.வி.க்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

அன்று சாயங்காலம் அழகர்சாமி மாமா வந்தார். அப்பாவோடு பட்டறையில் வேலை செய்பவர், மருங்காபுரிக்காரர்.

"பிலோமின், முதலாளி உன்னைத்தான் கேக்கறாரு. வெல்டிங்கை எல்லாம் செக் பண்ற வேலை. உன் கண்ணுக்குத் தப்புமா? இடது கையில டார்ச் லைட்டப் புடிச்சுக்கிட்டு, வலது கையில போனை வெச்சு போட்டோ எடுத்து அனுப்பணும். அவ்வளவுதான். திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடு. இல்லன்னா வேற ஆளப் போட்டுருவாங்க."

அப்பா வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். "ஒரு போனைத் திறக்கத் துப்பில்ல. நான் என்னத்த செக் பண்றது? வேற ஆளையே போடச் சொல்லு."

மாமா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்பாமேல் இல்லை, அந்தப் பாழாய்ப்போன போன்மேல்.

அன்றைக்கும் அப்பா சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். அடிபட்டதிலிருந்து அப்படித்தான். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. நான் பிளாஸ்திரியை எடுத்து, என் வலது கட்டை விரலை உள்ளங்கையோடு சேர்த்து இறுக்கி ஒட்டிக்கொண்டேன். அப்பாவின் கை எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான்.

பல் தேய்க்க முடியவில்லை. பொத்தான் போட முடியவில்லை. உப்புமா வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் கொட்டியது.

அப்பா ஏன் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நெய் விட்டுத்தானடி கிண்டினேன், அதுக்கு ஏன் அழுவுற?" என்றார் அம்மா.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் போனை எடுத்தேன். வலது ஓரத்தில் சென்சார். என் நான்கு விரல்களோ பின்பக்கமாகச் சுற்றி இடது ஓரத்தில் இருந்தன.

"அம்மா, வேற இடத்துல சென்சார் வெச்ச போன் இருக்கா?"

"எனக்கென்னடி தெரியும்?"

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். என் தோழி வைஷ்ணவியின் அப்பா ரங்கநாதன் மாமா, ஸ்ரீரங்கத்தில் போன் கடை வைத்திருக்கிறார். அம்மாவை நச்சரித்து பஸ் ஏறிவிட்டேன்.

"வாங்கோ, வாங்கோ. கையில என்ன குழந்தே கட்டு?" என்றார் மாமா.

"சும்மா ஒட்டியிருக்கேன் மாமா. கட்டை விரல் இல்லாதவங்களுக்கு எந்த போன் சரியா வரும்னு பாக்கணும்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். மாமா மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மேஜைமேல் போன்களை எடுத்து வைத்தார்.

முதல் போனில் சென்சார் ஓரத்தில் இருந்தது. எடுத்ததுமே என் கையிலிருந்து நழுவியது. கடையில் நின்றிருந்த வைஷ்ணவி பாய்ந்து பிடித்தாள். "நல்லவேளைடி! எங்கப்பா என்னைக் கொன்னுருப்பா!"

அடுத்ததில் கண்ணாடிக்கு அடியிலேயே சென்சார். "இப்ப எல்லாரும் இதைத்தான் கேக்கறா. கண்ணாடி மேல விரல வெச்சாப் போறும்" என்றார் மாமா.

வைக்க வேண்டுமானால், பின்னால் பிடித்திருக்கிற விரல் ஒன்று முன்னால் வர வேண்டும். வந்தால் போன் விழுந்துவிடும்.

"இதுவும் கட்டை விரல் இருக்கறவங்களுக்குத்தான் மாமா" என்றேன்.

மாமா மேஜையின் கீழ் அறையைக் குடைந்து ஒரு பழைய போனை எடுத்தார். அதன் முதுகில், சற்று மேலே, வட்டமாக ஒரு சின்னக் குழி இருந்தது. நான் கையில் வாங்கினேன். ஆள்காட்டி விரல் தேடாமலேயே அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது.

"மாமா! இதான்!"

"சில போன்ல கேமராவைத் திறந்து வெச்சுண்டு அங்கேயே தொட்டா, போட்டோவும் எடுக்கும். ஆனா இது ரிப்பேர், குழந்தே. பின்னாடி சென்சார் வெச்ச போன் இப்ப வரதே அபூர்வம். யார்கிட்டயாவது பழசா இருந்தாத்தான் உண்டு."

நான் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஏற்கெனவே கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தார். வெளியே வந்தது, நான் எப்போதும் "டப்பா போன், டப்பா போன்" என்று கேலி செய்கிற அம்மாவின் போன். திருப்பினேன். முதுகில் வட்டக் குழி!

"இனிமே டப்பான்னு சொல்லுவியா?" என்றார் அம்மா.

விரலால் தொட்டால் போட்டோ எடுக்கிறபடி மாமா அதைச் சரிசெய்து கொடுத்தார். நழுவாமல் இருக்க, வீட்டுக்கு வந்ததும் என் பழைய பாவாடையின் எலாஸ்டிக்கை வெட்டி, நான்கு விரல்களை நுழைத்துக்கொள்கிற மாதிரி போன் உறையில் கோத்துத் தைத்தேன். கட்டு போட்ட கையோடு தைத்ததில், சரியாகச் சென்சார் மேலேயே தைத்துவிட்டேன்.

"ரொம்ப அழகு" என்றார் அம்மா. பிரித்து, கொஞ்சம் கீழே தள்ளித் தைத்துக் கொடுத்தார்.

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அப்பா, அம்மா போனை ஒரே ஒரு தடவை பிடிச்சுப் பாருங்க."

"வேணாம்மா, போ." திரும்பியவர் என் கையைப் பார்த்துவிட்டார். "கையில என்ன ஆச்சு?"

"காலையிலேருந்து ஒட்டி வெச்சிருக்கேன்பா. கட்டை விரல் இல்லன்னா மத்த விரல் எங்க போகுதுன்னு பாக்க."

அப்பா எழுந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கெதுக்குடி இந்தக் கஷ்டம்?" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன். பிறகு, துண்டுக்குள் இருந்த வலது கையை அவராகவே வெளியே எடுத்து நீட்டினார்.

எலாஸ்டிக்கை மாட்டிவிட்டேன். அவருடைய ஆள்காட்டி விரலைப் பதிவு செய்தோம். குழியில் விரல் பட்டது. போன் திறந்தது. அப்பா மூடினார், திறந்தார். மறுபடி மூடினார், திறந்தார்.

எழுந்து இடது கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். எங்கள் இரும்பு கேட்டின் மூலையில் வெளிச்சம் அடித்து, ஆள்காட்டி விரலால் தொட்டார். போட்டோ விழுந்தது. அழகர்சாமி மாமாவுக்கு அனுப்பினார். உடனே போன் அடித்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னய்யா பிலோமின், இது ஒரு வெல்டா? ஓட்டை ஓட்டையா இருக்கு! எந்தக் கழுதை வெச்சது?"

"நான்தான். எங்க வீட்டு கேட்டு. தொழில் கத்துக்கிட்ட புதுசுல வெச்சது."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"திங்கக்கிழமை வரேன்னு முதலாளிகிட்ட சொல்லிடு" என்றார் அப்பா.

சாப்பாட்டு நேரத்தில் அப்பா தட்டை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் தட்டைச் சுற்றிச் சோறு சிந்தியது. என் தட்டைச் சுற்றியும்தான்.

"அந்தப் பிளாஸ்திரியைப் பிரியேன்டி" என்றார் அப்பா.

"சாப்பிட்டுட்டுப் பிரிக்கறேன்பா."

கடைசியில் பார்த்தால், அப்பாவைவிட நான்தான் நிறையச் சிந்தியிருந்தேன்.